குலசேகரத்தில் பாதாம் தோட்டம்: எந்த வகையை நடுவது?

கேள்வி: குலசேகரத்துக்கு அருகில் எங்களுக்கு 2 ஏக்கர் நிலம் இருக்கிறது. பால் குறைந்த ரப்பர் மரங்களை இந்த ஆண்டு முறித்துவிட்டோம். மீண்டும் ரப்பர் வைக்க மனமில்லை. கன்று விற்பவர் ஒருவர் ‘மம்ரா’, ‘நான்பரேல்’ ஆகிய இரண்டு பாதாம் வகைகளிலும் ஒட்டுக்கன்று தருவதாகக் கூறி முன்பணம் கேட்கிறார். வீட்டு முற்றத்தில் நிற்கும் பாதாம் மரம் ஆண்டுதோறும் காய்ப்பதால் எங்களுக்கும் நம்பிக்கை வந்திருக்கிறது. எந்த வகையை எத்தனை அடி இடைவெளியில் நட வேண்டும்?
— ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: முன்பணத்தை இன்னும் கொடுக்கவில்லையென்றால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். உங்கள் முற்றத்தில் நிற்பது நாட்டு வாதுமை. மருதமும் கடுக்காயும் அதற்கு உறவு. அடுக்கடுக்காகக் கிளை விரித்து, கையகல இலையுடன் நிற்கும் அந்த மரத்துக்கு நம் மழையும் உப்புக்காற்றும் ஒத்துப்போகும். அதன் பருப்பைத் தின்னலாம் என்றாலும், கல்போன்ற ஓட்டை உடைத்து எடுக்கும் சிறிய பருப்பு கூலிக்கே கட்டாது. கடையில் நாம் வாங்கும் பாதாமோ பீச், பிளம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த, ஒடுங்கி நீண்ட இலைகளையுடைய வேறொரு மரத்தின் விதை. ஆகவே முற்றத்து மரம் காய்ப்பதை வைத்துத் தோட்டத்துக்குக் கணக்குப் போட இயலாது.

அந்தப் பாதாம் மரம் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் இயல்புடையது. பெரும்பாலான வணிக வகைகளுக்கு, 7 டிகிரி செல்சியசுக்கும் குறைந்த குளிர் ஏறத்தாழ 300 முதல் 600 மணி நேரம் வரை சேர்ந்தால்தான் மொட்டுகள் ஒழுங்காக விரியும். மார்கழி இரவிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் குலசேகரத்தில் அந்தக் கணக்கில் ஒரு மணி நேரம்கூடச் சேராது. கன்று சில காலம் தழைக்கக்கூடும். ஆனால் விற்கும் அளவுக்குக் காய்க்காது. அதோடு, பூக்கும்போதும் காய் வெடித்துக் காயும்போதும் வறண்ட வானிலையை வேண்டும் இம்மரத்துக்கு, ஆண்டில் இரண்டு பருவமழை பெறும் நம் குமரி மாவட்டம் பூசண நோயைத்தான் தரும்.

வகைகளைப் பற்றிக் கேட்டிருப்பதால் அதையும் விளக்குகிறேன். மம்ரா என்பது ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துப் பருப்புக்குக் கடைத்தெருவில் வழங்கும் பெயர். ஒட்டுக்கட்டிப் பெருக்கிய ஒரே வகையின் பெயராக அதைக் கொள்ள இயலாது. நான்பரேல் உண்மையான வகைதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட அது, மெல்லிய ஓட்டுக்கும் வழவழப்பான பருப்புக்கும் பெயர்பெற்று, இன்றும் அங்கே முதலிடத்தில் இருக்கிறது. ஆனால் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. அதனால் அங்குள்ள உழவர்கள் அதே காலத்தில் பூக்கும் கார்மல், மான்டெரே போன்ற வகைகளை வரிசை மாற்றி நட்டு, ஏக்கருக்கு 2 தேனீப்பெட்டி வீதம் வைக்கிறார்கள். துணை மரம் வேண்டாத இன்டிபென்டன்ஸ் என்ற வகை அண்மைக் காலத்தில் அங்கே பரவியிருக்கிறது. நம் நாட்டில் காஷ்மீரில் ஷாலிமார், மக்தூம், வாரிஸ் ஆகிய வகைகள் உண்டு. அங்கே பின்பனியில் பூ கருகுவதே பெரிய கவலை என்பதால், தாமதமாகப் பூக்கும் வகைக்கு மதிப்பு அதிகம். குளிர் கிடைக்கும் இடத்தில்தான் இந்தத் தேர்வுகளுக்கெல்லாம் பொருள் உண்டு.

பருப்பு மரம்தான் வேண்டுமென்றால் கொல்லாமரத்தை, அதாவது முந்திரியை, நினைத்துப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டையைக்கூட உடைத்துக் கொடுக்கும் அண்டி ஆபீசுகள் நம் மாவட்டத்திலேயே இருக்கும்போது, உங்கள் கொட்டைக்கு வாங்குபவரைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. இங்கே வகைத் தேர்வு உண்மையிலேயே பயன் தரும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 வகையில் 100 கிலோ கொட்டைக்கு ஏறத்தாழ 29 கிலோ பருப்பு கிடைக்கும். பருப்பு 210 தரத்தைச் சேர்ந்தது. ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதே அந்த எண் என்பதால், எண் குறையக் குறைய பருப்பு பெரிது, விலையும் கூடுதல். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பிரியங்காவின் பருப்பு 180 தரத்தது. ஆனால் பருப்பு விகிதம் வி.ஆர்.ஐ. 3-ஐவிடச் சற்றுக் குறைவு. உங்கள் நிலத்துக்கு வி.ஆர்.ஐ. 3-ஐப் பெரும்பகுதியாகவும், பிரியங்காவை 2 வரிசையாகவும் நடுவதையே நான் விரும்புவேன். எந்த வகையானாலும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் பொறுக்கி முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நனைந்த கொட்டையின் பருப்பு நிறம் மங்கி விலை இழக்கும்.

விதையிலிருந்து வளர்ந்த கன்று தாய்மரத்தைப் போலவே இருக்கும் என்ற உறுதி இல்லை. ஒட்டுக்கன்றையே, அதுவும் அரசு நாற்றங்காலில், வாங்குங்கள். பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். நிலத்தின் விவரத்துடன் ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். 7 மீட்டருக்கு 7 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 80 கன்று வரை கொள்ளும். ரப்பர் மரத்தின் அடிக்கட்டைகளை வேரோடு அகற்றிய பிறகே குழி வெட்டுங்கள், அவற்றில் தங்கும் வேரழுகல் பூசணம் புதுக்கன்றுக்குப் பரவலாம். தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி முந்திரியின் தளிரையும் பூங்கொத்தையும் கருக்கிவிடும். அது கொக்கோவிலும் வேம்பிலும் வாழ்வதால் கொக்கோவை ஊடுபயிராக வைக்காதீர்கள். மரம் நிழல் கட்டும்வரை, முதல் மூன்று ஆண்டுகளில், இடைவெளியில் அன்னாசி போட்டுச் செலவை ஈடுகட்டலாம்.