பட்டறைப் பையன் பி.பி.ஏ. படிக்கலாமா?

கேள்வி: பிளஸ் டூவில் வணிகவியல் முடித்துவிட்டேன். வணிக மேலாண்மைப் பட்டமான பி.பி.ஏ. சேர ஆசை. எங்களுக்கு வீட்டோடு வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. "காலேஜில் மூன்று வருஷம் சொல்லித் தருவதைப் பட்டறையில் மூன்று மாசத்தில் கற்றுக்கொள்ளலாம். படித்தே ஆகவேண்டும் என்றால் பி.காம். படி" என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும் மேடம்?
– வாசகர், சிவதாபுரம்

பதில்: தம்பி, தாராளமாகச் சேருங்கள். ஆனால் அப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வெள்ளியின் டச் (சுத்தம்) பார்ப்பது, எந்த வியாபாரி கூலியை இழுத்தடிப்பார், பண்டிகைக்கு எத்தனை நாள் முன்னால் ஆர்டர் குவியும் என்பதையெல்லாம் எந்தப் பேராசிரியரும் சொல்லித் தர முடியாது. கல்லூரியில் பல வருஷம் மேலாண்மைப் பாடம் நடத்தியவள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

பட்டறை தானாகச் சொல்லித் தராத ஒன்றும் உண்டு. அது அடக்க விலை. ஒரு கணக்குப் போடுவோம், எண்கள் உதாரணத்துக்குத்தான். மாதக் கூலி வரவு 90,000 ரூபாய். ஆட்கள், கேஸ், கரண்டு, மெருகு எல்லாவற்றுக்கும் போனது 55,000. மிச்சம் 35,000 ரூபாயை லாபம் என்போம். ஆனால் பட்டறை நடக்கும் முன்கட்டை வாடகைக்கு விட்டால் 7,000 வரும். அப்பா வேறு பட்டறைக்கு வேலைக்குப் போனால் 20,000 வாங்குவார். ராத்திரி உட்கார்ந்து அம்மா மணி கோர்த்துக் கொடுப்பாரே, அதை வெளியே கொடுத்தால் 10,000 கேட்பார்கள். ஆக 37,000. பட்டறை லாபத்தில் ஓடவில்லை. மாதம் 2,000 ரூபாய் குறைவாகவே வருகிறது. கணக்கில் வராமல் போன அந்த 37,000 ரூபாயைப் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்பார்கள்.

இதற்காகப் பட்டறையை மூடச் சொல்லவில்லை. எந்த டிசைனுக்கு எத்தனை மணி நேரம் போகிறது, அதற்கு இந்தக் கூலி கட்டுப்படியாகுமா என்று கேட்கப் பழகுவீர்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வியாபாரியிடம் பேசிப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அம்மாவின் உழைப்பை நான் வேண்டுமென்றேதான் சேர்த்தேன். என் அப்பா செவ்வாய்ப்பேட்டை மண்டி ஒன்றில் கணக்குப்பிள்ளை. அவர் எழுதும் பேரேட்டில் ஒரு பைசா பிசகாது. ஆனால் மண்டிக்காரர் வீட்டுப் பெண்கள் புடைத்ததற்கும் சலித்ததற்கும் அதில் ஒரு வரி கிடையாது. எனக்கு அது இன்றும் ஆறவில்லை. நீங்கள் போடும் கணக்கில் அம்மாவுக்கு ஒரு வரி இருக்கட்டும்.

அப்புறம், வெள்ளி விலை. வியாபாரி கொடுக்கும் வெள்ளியில் கூலிக்குச் செய்தால் விலை இறக்கம் அவர் தலையில். சொந்தமாக வெள்ளி வாங்கிச் செய்து விற்கத் தொடங்கினால் அது உங்கள் தலையில். சொந்தமாக விற்க ஆசைப்படும் பையன்கள் பலர் லாபத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். நிதி மேலாண்மைத் தாளில் நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவையான பணம், என்று ஒரு பாடம் வரும். அதைத் தேர்வுக்காக இல்லாமல் உங்கள் பட்டறைக்காகப் படியுங்கள்.

ஃபயோல் என்ற பிரெஞ்சுக்காரரின் 14 கோட்பாடுகளை முதல் செமஸ்டரிலேயே மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அவர் சுரங்கக் கம்பெனியை நடத்திய பொறியாளர்; 1916ல் அவற்றை எழுதினார். ஓர் ஆளுக்கு ஒரே மேலாள்தான் கட்டளையிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அப்பா ஒன்று சொல்ல, சித்தப்பா வேறொன்று சொல்ல, நடுவில் பற்றவைக்கும் ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பி.காம்.மில் கணக்கும் வரியும் ஆழமாக இருக்கும். சி.ஏ. போகும் எண்ணம் இருந்தால் அதுவே வசதி. பி.பி.ஏ.வில் கணக்கோடு சந்தைப்படுத்தல், மனிதவளம், வணிகச் சட்டம் என்று பரப்பு அதிகம். தொழிலை நடத்தப்போகிறவருக்கு இது பொருந்தும். 2024-25 முதல் பி.பி.ஏ.வும் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) வரம்புக்குள் வந்துவிட்டது, சேரும் கல்லூரிக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒன்றைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். ஜெராக்ஸ் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் புராஜெக்டை வாங்கி, பெயரை மாற்றி பைண்டிங் போட்டுக் கொடுக்காதீர்கள். சேலத்தில் இருந்துகொண்டு அப்படிச் செய்வது அநியாயம். ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வில் ஜவ்வரிசிக்கு டெண்டர் போட்டு விலை முடிவாவதையும், லீ பஜாரில் மண்டி நடப்பதையும் பஸ் ஏறிப் போனால் பார்த்துவிடலாம். உங்களுக்கு அதுகூட வேண்டாம். ஒரு கிலோ வெள்ளி உங்கள் பட்டறைக்குள் வந்து கொலுசாக வெளியே போகும் வரை என்னென்ன செலவாகிறது என்று நாள்வாரியாக எழுதுங்கள், அதுவே நல்ல புராஜெக்ட்.

கேள்வி: ஏற்காட்டில் விடுதி ஒன்றில் வரவேற்பாளர் வேலை. தினமும் சேலம் இறங்கிக் கல்லூரிக்குப் போக முடியாது. தபால் வழியில் பி.பி.ஏ. படித்தால் மதிப்பு உண்டா?
– வாசகி, ஏற்காடு

பதில்: உண்டும்மா. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022லேயே அறிவித்துவிட்டார்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) இரண்டையும் பாருங்கள். பணம் கட்டும் முன் நீங்கள் சேரும் படிப்பு, சேரும் வருஷத்துக்கான யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் சரிபாருங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். மே மாத சீசனில் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தேர்வு எந்த மாதம் வருகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வாக டான்செட் எழுதுவதா, கேட் (CAT) எழுதுவதா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: முடிந்தால் இரண்டும். டான்செட் அண்ணா பல்கலைக்கழகம் நடத்துவது, தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு. கேட் எழுதினால் 2011ல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம். வரை வழி திறக்கும். கேட்டில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம்தான். ஒன்றில் மிச்சமான நேரத்தை அடுத்ததற்கு எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் இப்போதிருந்தே கடிகாரம் வைத்துக்கொண்டு பயிற்சி எடுங்கள்.