சட்டப் படிப்பு முடிந்ததும் பார் தேர்வு எழுதினால் வழக்கறிஞர் ஆகிவிடலாமா? தேர்வு எப்படி இருக்கும்?

தேர்வு மட்டும் போதாது. இந்தியாவில் முதலில் வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான மாநில பார் கவுன்சிலில் பதிவு, பிறகு அகில இந்திய பார் தேர்வு என்பதுதான் வழக்கமான வரிசை. பலர் தேர்வுக்குப் பயப்படுகிறார்கள். உண்மையில் ஆட்கள் மாட்டிக்கொள்வது பதிவில்தான்.

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆவது பிரிவைப் படியுங்கள். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற சட்டப் பட்டம் வேண்டும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தொழில் செய்யப் போகிறவர்கள் சென்னையில் உள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிய வேண்டும். சிக்கல் பெரும்பாலும் பழைய சான்றிதழ்களில் வரும். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கி, அதை வைத்து மூன்று வருட சட்டம் படித்தவர்களின் பதிவு 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி நிற்காது. அஞ்சல் வழியில் படித்த சட்டப் பட்டமும் செல்லாது. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் அதை விடாமல் தொழில் செய்ய முடியாது.

பதிவுக் கட்டணம் சட்டப்படி பொதுப் பிரிவினருக்கு ரூ. 750, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ரூ. 125. முன்பெல்லாம் நூலகம், அடையாள அட்டை என்று பல தலைப்புகளில் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். அந்தப் பெயர்களில் கூடுதலாக வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே கட்டியவர்களுக்குத் திருப்பித் தரச் சொல்லவில்லை.

இனித் தேர்வு. 100 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓ.எம்.ஆர். தாளில் நிரப்ப வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், அதனால் ஒரு கேள்வியையும் வெறுமனே விடாதீர்கள். தமிழிலும் எழுதலாம். 2023 டிசம்பரில் நடந்த 18-ஆவது தேர்விலிருந்து தேர்ச்சி மதிப்பெண் பொதுப் பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 45 சதவீதம், பட்டியல் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 40 சதவீதம். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

பாடத்திட்டத்தில் 19 தலைப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே அளவில் படிப்பது வீண். அரசமைப்புச் சட்டம், உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை மூன்றுக்கும் தலா 10 கேள்விகள். தண்டனைச் சட்டம், சாட்சியச் சட்டம், குடும்பச் சட்டம், ஒப்பந்தமும் சொத்துரிமையும் சேர்ந்த பகுதி ஆகிய நான்குக்கும் தலா 8. இந்த ஏழிலேயே 62 வந்துவிடுகிறது. கம்பெனிச் சட்டம், சைபர் சட்டம், சுற்றுச்சூழல், நிலம் கையகப்படுத்தல் எல்லாம் தலா 2 தான், கடைசி வாரத்துக்கு விட்டுவிடலாம். தொழில் நெறிமுறைக்கு 4 உண்டு. சின்னப் பகுதி, சுலபமாக முழு மதிப்பெண்ணும் வாங்கலாம், ஆனால் ஏனோ யாரும் தொடுவதில்லை.

2021-லிருந்து, முன்புபோல எந்தப் புத்தகத்தையும் பார்த்து எழுதும் தேர்வு கிடையாது. விளக்கவுரையோ குறிப்போ இல்லாத சட்டப் புத்தகங்களை, அதாவது பேர் ஆக்ட்களை மட்டும் உள்ளே கொண்டுபோகலாம். கையால் எழுதிய குறிப்பு இருந்தால் அனுமதி கிடையாது. புத்தகம் கையில் இருக்கிறதே என்று படிக்காமல் போகிறவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். எந்தப் பிரிவு எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று தெரியாதவருக்கு ஒரு கேள்விக்கே ஐந்து நிமிடம் போய்விடும். 2024 ஜூலை 1 முதல், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலான பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன, பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. சீனியர் கொடுத்த பழைய புத்தகத்தை நம்பிப் போகாதீர்கள்.

தேர்வறையில் செய்யும் பெரிய தவறு, வினாத்தாளின் செட் குறியீட்டை ஓ.எம்.ஆர். தாளில் நிரப்ப மறப்பது. எந்த விடைக்குறிப்பை வைத்துத் திருத்துவது என்று தெரியாமல் போய்விடும். அதேபோல இனிஷியல். பத்தாவது மார்க்‌ஷீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் விரித்து வேறு மாதிரி இருந்தால், பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். அந்தப் பெயர்தான் கடைசிச் சான்றிதழ் வரை வரும்.

பதிவு செய்த நாளிலிருந்து இரண்டு வருடம் தற்காலிகமாகத் தொழில் செய்யலாம். அதற்குள் தேர்ச்சி பெற்று, தொழில் செய்வதற்கான சான்றிதழை வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் தேர்ச்சி பெறும் வரை உங்கள் பெயரில் வக்காலத்து போட முடியாது. கடைசி செமஸ்டரில் இருப்பவர்களையும் தேர்வெழுத அனுமதிக்கலாம் என்று 2023 பிப்ரவரி 10-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. நீங்கள் இன்னும் கல்லூரியில் இருந்தால், அடுத்த தேர்வு அறிவிப்பில் முதலில் தகுதிப் பகுதியைப் பாருங்கள்.