இன்ரநெற் பாவிக்கிற ஆக்களை எண்ணுறதும் ஒரு தொழில்தான் அக்கா

அக்கா, உங்கடை மெசேஜை வாசிச்சனான். பிள்ளை மட்ஸ் படிச்சு இஞ்சினியரிங்குக்கு, கம்பஸுக்கு ஆக்களை எடுக்கிற இசட் ஸ்கோர் புள்ளி காணாமப் போச்சு, இப்ப அவ ஸ்ரற்றிஸ்ரிக்ஸ் படிச்சு ஒவ்வொரு நாட்டிலையும் எத்தினை பேர் இன்ரநெற் பாவிக்கினம் எண்டு அளக்கிற ஆராய்ச்சிப் பக்கம் போகப்போறன் எண்டு நிக்கிறா, நீங்கள் "வீடு வீடாப் போய் ஆள் எண்ணுறதுக்கோ இவ்வளவு காலம் ரியூசன் காசு கட்டினது" எண்டு கேக்கிறியள். உங்கடை பயம் எனக்கு விளங்குது, ஆனா பிள்ளை நல்ல இடத்தைத்தான் பாத்து வைச்சிருக்கிறா. அந்த வேலை என்னெண்டு தெரிஞ்சா நீங்களும் யோசிப்பியள்.

ஜெனீவாவிலை சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் எண்டு இருக்குது, ஐரியூ எண்டு சொல்லுறது, 1865இலை தந்திக் காலத்திலை தொடங்கி இப்ப ஐநாவோடை இருக்கிற அமைப்பு. உலகத்திலை எத்தினை பேர் இன்ரநெற்றிலை இருக்கினம் எண்ட கணக்கை அவைதான் வருசா வருசம் விடுறது. 2024க்கு அவை சொன்னது சுமார் 550 கோடிப் பேர், அதாவது 68 வீதம், இன்னும் 260 கோடிப் பேர் வெளியிலை. உலக வங்கியின்ரை அட்டவணையிலை நாங்கள் பாக்கிற வீதமும் இவையிட்டை இருந்து போறதுதான். ஒரு நாட்டுக்குக் கேபிள் போட ஆர் கடன் குடுக்கிறது, எந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு முதல்லை லைன் குடுக்கிறது எண்ட கதையெல்லாம் இப்பிடியான இலக்கங்களை வைச்சுத்தான் நடக்குது.

சரி, பாவிக்கிற ஆள் எண்டா ஆர்? கடைசி மூண்டு மாசத்துக்குள்ளை எங்கையிருந்தெண்டாலும் ஒருக்கா இன்ரநெற் பாவிச்சிருந்தா அவர் கணக்கிலை வருவார். நாள் முழுக்க ஒன்லைன்லை வேலை செய்யிற பெடியனும், போன மாசம் மகன்ரை போனிலை ஒரு வீடியோ பாத்த ஐயாவும் அந்த வீதத்துக்குள்ளை ஒண்டுதான். சிம் கணக்கைப் பாத்தா இன்னும் குழப்பம், இலங்கையிலை நூறு பேருக்கு நூறுக்கும் மேலை மொபைல் இணைப்பு இருக்குது, ஏனெண்டா கனபேரிட்டை ரெண்டு சிம், டேற்றாவுக்கு ஒண்டு கதைக்க ஒண்டு. அதை வைச்சு எல்லாருக்கும் போன் கிடைச்சிட்டுது எண்டு ஒருத்தர் எழுதினா அது பொய்க் கணக்கு. எங்கடை தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கொம்பியூட்டர் அறிவு எண்டு ஒரு கணக்கெடுப்புச் செய்யுது, 5 வயசிலை இருந்து 69 வயசு வரைக்கும், அதிலை ஒரு 5 வயசுப் பிள்ளை தானாக் கொம்பியூட்டரிலை கேம் விளையாடத் தெரிஞ்சாலும் கொம்பியூட்டர் அறிவு உள்ள ஆள். இது பிழையெண்டு நான் சொல்லேல்லை, எங்கையாவது ஒரு கோடு போடத்தானே வேணும். ஆனா இன்னொரு நாடு 15 வயசுக்கு மேலை மட்டும் கேட்டிருந்தா ரெண்டு வீதத்தையும் பக்கத்திலை வைச்சு ஆர் முன்னுக்கு எண்டு சொல்லேலாது. கன நாடுகள் ஒவ்வொரு வருசமும் சேர்வே செய்யிறதும் இல்லை, அந்த இடைவெளிகளை ஐரியூ மதிப்பீடு செய்துதான் நிரப்புது. அந்த மதிப்பீட்டுக்குப் பின்னாலை இருக்கிறது முழுக்க ஸ்ரற்றிஸ்ரிக்ஸ், உங்கடை பிள்ளை படிக்கப் போறது அதைத்தான்.

கேள்வி கேக்கிறதும் லேசில்லை அக்கா. கொழும்பிலை லேர்ன்ஏசியா எண்டு ஒரு ஆய்வு நிறுவனம் இருக்குது, அவை இந்தோனேசியாவிலை சேர்வே செய்யேக்கை இன்ரநெற் பாவிக்கிறேல்லை எண்டு சொன்ன ஆக்களே பிறகு பேஸ்புக் பற்றி நல்லாக் கதைச்சிருக்கினம். இஞ்சை நெடுந்தீவிலையோ சாவகச்சேரியிலையோ ஒரு அம்மம்மாவிட்டை இன்ரநெற் பாவிக்கிறனீங்களோ எண்டு கேட்டா இல்லைப் பிள்ளை எண்டுதான் சொல்லுவா, பின்னேரம் கனடாவிலை இருக்கிற பேரனோடை வட்ஸ்அப்பிலை முகம் பாத்துக் கதைப்பா. அதோடை படலையடிக்கு வாற ஐயாவே வீட்டிலை எல்லாருக்கும் பதில் சொல்லிப்போட்டு அனுப்பினா அந்த வீட்டுப் பொம்பிளையளின்ரை பாவனை ஒருநாளும் சரியா வராது, அதாலைதான் நல்ல சேர்வேயிலை வீட்டிலை ஒருத்தரைக் குலுக்கல் முறையிலை தெரிவு செய்து அவரோடை மட்டும் கதைக்கோணும் எண்டு விதி வைக்கிறது.

எங்கடை ஆக்களுக்கு எண்ணப்படாம விடுபடுறது எண்டா என்னெண்டு நல்லாத் தெரியும். 1981க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலை முழுமையான சனத்தொகைக் கணக்கெடுப்பு 2012இலைதான் நடந்தது, 2001இலை நாட்டின்ரை மற்றப் பக்கங்களிலை எடுக்கேக்கையும் இஞ்சை முழுசா எடுக்கேல்லை. முப்பது வருசமா நூறு பேருக்கு எத்தினை எண்டு சொல்ல அந்த நூறே சரியாத் தெரியாம இருந்தது. இந்த மண்ணிலை இருந்து போற ஒரு பிள்ளை அந்த வேலைக்கு வந்தா, எந்த ஊர் கணக்கிலை விடுபட்டிருக்கு எண்டு கேக்கிற கண் அவவிட்டை இருக்கும். நான் இதை மனசார நம்புறன்.

இனி உங்கடை கேள்வி, சோறு போடுமோ எண்டது. ஜெனீவா வேலையை இப்பவே கனவிலை வைக்க வேண்டாம், அதுக்கு மாஸ்ரர்ஸும் கன வருச அனுபவமும் வேணும். ஆனா சேர்வே வடிவமைக்கத் தெரிஞ்ச, டேற்றாவைத் துப்பரவாக்கி அதிலை என்ன இருக்கு என்ன இல்லை எண்டு சொல்லத் தெரிஞ்ச ஆளை பாங்க், இன்சூரன்ஸ், போன் கொம்பனியள், புள்ளிவிபரத் திணைக்களம், தொண்டு நிறுவனங்களின்ரை கண்காணிப்பு மதிப்பீட்டுப் பிரிவு எண்டு எல்லாரும் தேடினம். இன்ரநெற் பாவனை எண்டது அவவின்ரை விருப்பம், படிப்பு அதைவிடப் பெரிசு, அதாலை வழி அடைபடாது.

எங்கை படிக்கிறது எண்டா, யாழ்ப்பாணக் கம்பஸ் விஞ்ஞான பீடத்திலையே கணிதமும் புள்ளிவிபரவியலும் துறை இருக்குது, கொழும்பு, பேராதனை, ஜெயவர்த்தனபுரவிலையும் படிக்கலாம். கம்பஸுக்குப் பிள்ளையளை எடுக்கிற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்ரை கைநூலை எடுத்து இந்த வருசத்துத் தகுதியையும் போன வருச வெட்டுப்புள்ளியையும் நீங்களும் பிள்ளையும் ஒண்டா இருந்து பாருங்கோ, ரியூசன் சேர் சொன்னவர் பக்கத்து வீட்டார் சொன்னவை எண்டு விண்ணப்பத்திலை பாடநெறியளின்ரை விருப்ப ஒழுங்கை நிரப்பாதேங்கோ, இந்த ஒரு விசயத்திலை நான் கொஞ்சம் கண்டிப்பாத்தான் சொல்லுவன். கம்பஸ் தொடங்க மாசக்கணக்கா இழுபடும், அந்த நேரத்திலை எக்ஸெல்லை ஆழமாப் பழகி, ஆர் (R) அல்லது பைதன் எண்ட புரோகிராமிங் மொழியள் ரெண்டிலை ஒண்டைத் தொடங்கட்டும், இங்கிலீசிலை ஒரு பக்கம் தெளிவா எழுதப் பழகட்டும், சிங்களமும் கட்டாயம், ஏனெண்டா ஹம்பாந்தோட்டையிலை ஒரு வீட்டிலை இருந்து கதைக்கத் தெரியாம இலங்கை முழுக்கச் சேர்வே செய்யேலாது.

இப்பவே ஒரு சின்ன வேலை குடுக்கிறன். உலக வங்கியின்ரை தளத்திலை இலங்கையின்ரை இன்ரநெற் பாவிக்கிற ஆக்களின்ரை வீதத்தையும் நூறு பேருக்கான மொபைல் இணைப்பையும் இறக்கி, ரெண்டும் ஏன் இவ்வளவு தூரம் விலகி நிக்குது எண்டு ரெண்டு பக்கத்திலை தமிழிலை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கோ. அதைச் செய்யேக்கை அவவுக்கு நேரம் போறது தெரியேல்லையெண்டா படிக்க விடுங்கோ, சலிச்சுப்போய் வந்தாவெண்டா வேறை வழியளைப் பற்றிக் கதைப்பம். வரேக்கை அவவின்ரை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா.