ஏ2 அளவு 28% என்றால் தலசீமியாவா?

கேள்வி: என் மனைவி குவாஹாட்டியைச் சேர்ந்தவர், மூன்று மாத கர்ப்பிணி. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் ஏ2 28% என்று இருக்கிறது. 3.5%-க்கு மேல் போனால் தலசீமியா, அதாவது பரம்பரை ரத்தசோகை, என்கிறார்கள். டாக்டர் எலக்ட்ரோபோரசிஸ் என்ற டெஸ்டும் எடுக்கச் சொல்கிறார். இன்னொரு டெஸ்ட் எதற்கு?

பதில்: பதறாதீர்கள். பீட்டா தலசீமியா கேரியர்களுக்கு (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்களுக்கு) ஏ2 பெரும்பாலும் 4 முதல் 7% வரைதான் இருக்கும். 28-க்குப் போகாது. ஆக, அங்கே பெரும்பகுதி ஏ2-வே இல்லை. வேறொன்று அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஊரைச் சொன்னதும் எனக்குத் தோன்றியது ஹீமோகுளோபின் ஈ, பரம்பரையாக வரும் ஒரு மாறுபட்ட ஹீமோகுளோபின். வடகிழக்கிலும் வங்காளத்திலும் அது சகஜம்.

ரிப்போர்ட்டில் உள்ள கிராஃபைப் பாருங்கள். ஏ2 வழக்கமாகச் சின்ன மேடு போல இருக்கும். உங்களுடையதில் அது ஒரு குன்றாக நிற்கும். மெஷினுக்கு ஹீமோகுளோபின்களின் முகம் தெரியாது. எதிர்மின்னூட்டம் கொண்ட துகள்கள் அடைத்த குழாய்க்குள் ரத்தக் கரைசலைச் செலுத்தி, உப்பைப் படிப்படியாகக் கூட்டுவோம். லேசாக ஒட்டியது முதலில் கழன்று வரும், இறுக ஒட்டியது கடைசியில். எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்பதை வைத்துத்தான் மெஷின் பெயர் எழுதுகிறது. ஈ-யும் ஏ2-வும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்துவிடுவதால் இரண்டுக்கும் சேர்த்து ஏ2 என்று எழுதிவிடும்.

எலக்ட்ரோபோரசிஸில் பிரிப்பது மின்சாரம். ஆனால் எந்த வகை என்று லேபில் கேளுங்கள். பழைய செல்லுலோஸ் அசிடேட் பட்டையில், ஈ, ஏ2, சி என்ற இன்னொரு மாறுபட்ட வகை, மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். அதே சந்தேகத்தோடுதான் வீடு திரும்புவீர்கள். கேப்பிலரி வகையில் முடி போல மெல்லிய குழாயில் உயர் மின்னழுத்தம் கொடுப்பதால் ஈ தனியாக, ஏ2 தனியாகப் பிரிந்துவிடும். அதையே கேட்டு வாங்குங்கள். மூன்று நான்கு மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் லேபில் சொல்லிவிடுங்கள், அளவுகள் மாறிப்போகும்.

ஈ ஒற்றை மரபணுவில் மட்டும் இருந்தால் உங்கள் மனைவிக்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை. எனக்குக் கவலை உங்களைப் பற்றித்தான். நீங்கள் பீட்டா தலசீமியா கேரியராக இருந்தால், குழந்தைக்கு இரண்டும் சேர்ந்த ஈ-பீட்டா தலசீமியா வர 25% வாய்ப்பு உண்டு. சிலருக்கு அது அடிக்கடி ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போகும். கருவைச் சோதிப்பதற்கான காலம் நழுவிக்கொண்டிருக்கிறது. அதனால் மனைவியின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல், நாளைக்கே நீங்களும் ரத்தம் கொடுத்துவிடுங்கள்.