எத்தனை சி.சி. என்பதற்கு முன்: மார்பக இம்ப்ளான்ட் கேள்வி-பதில்

கேள்வி: என் தோழிக்கு 325 சி.சி. (மில்லிலிட்டர்) இம்ப்ளான்ட் வைத்தார்கள், மிகவும் பொருத்தமாக இருக்கிறது. எனக்கும் அதே உயரம், அதே எடை. அதையே கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். உயரமும் எடையும் இதில் பெரிதாகக் கைகொடுக்காது. முதலில் பார்க்க வேண்டியது மார்பக அடிப்பகுதியின் அகலம். நடு நெஞ்சுப் பக்கம் மார்பகம் தொடங்கும் இடத்திலிருந்து அக்குள் பக்கம் முடியும் இடம் வரை, காலிப்பர் என்ற இரு கால் அளவுகருவியை வைத்து நேர்கோட்டில் அளப்பார்கள். வளைவோடு ஒட்டி நாடாவைப் பிடித்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

பிறகு உள்ஓரத்தையும் வெளிஓரத்தையும் விரலால் கிள்ளிப் பார்த்துத் திசுவின் தடிமனை அளப்பார்கள். கிள்ளும்போது தோலும் கொழுப்பும் இரண்டு மடிப்பாகக் கையில் வரும், அதனால் அதில் பாதியைத்தான் கழிக்க வேண்டும். ஒரு கணக்கு: அகலம் 12.5 செ.மீ., உள்பக்கக் கிள்ளல் 1 செ.மீ., வெளிப்பக்கம் 2 செ.மீ. என்றால் 0.5-ஐயும் 1-ஐயும் கழித்து 11 செ.மீ. விட்டமுள்ள இம்ப்ளான்ட் உங்களுக்கு உகந்தது. எத்தனை சி.சி. என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

தோழியின் அகலம் 13.5, உங்களுடையது 11.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பரவி உட்கார்ந்த அதே 325, உங்களுக்கு இரண்டில் ஒன்றைச் செய்யும். குறுகலான வகையில் வைத்தால் மேல்பக்கம் பந்து போல உப்பி நிற்கும். அகலமான வகையில் வைத்தால் அக்குள் பக்கம் பிதுங்கி, கையைத் தொங்கவிடும்போதெல்லாம் உரசும். அல்லது இரண்டு பக்கமும் நடு நெஞ்சில் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இப்படிச் சேர்ந்துபோனதைப் பிரித்துச் சரிசெய்வது மிகவும் சிரமமான மறு அறுவை. தவிர, ஏற்கெனவே இருக்கும் மார்பகத் திசுவும் இம்ப்ளான்ட்டோடு சேர்ந்துதான் மொத்த அளவைத் தரும். அது ஆளுக்கு ஆள் மாறும். ‘இத்தனை சி.சி.க்கு ஒரு கப் சைஸ்’ என்ற கணக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: ‘மாடரேட்’, ‘ஹை ப்ரொஃபைல்’ என்கிறார்களே, எதை எடுப்பது?

பதில்: கொள்ளளவு ஒன்றுதான், வடிவம்தான் வேறு. மாடரேட்டைவிட ஹை ப்ரொஃபைலில் அடிப்பாகம் குறுகும், முன்னால் துருத்தம் கூடும். குறுகிய மார்புள்ளவர்களுக்கு அது பயன்படும். அகலமான மார்பில் வைத்தால் நடுவில் பெரிய இடைவெளி விழும். அகலத்தை உடம்பு முடிவு செய்யட்டும். அந்த அகலத்துக்குள் எவ்வளவு துருத்தம் என்பது மட்டும் உங்கள் விருப்பம்.

கேள்வி: நான் மிகவும் ஒல்லி. தசைக்கு மேலே வைப்பதா, கீழேயா?

பதில்: மார்பகத்தின் மேல்பகுதியைக் கிள்ளிப் பாருங்கள். இரண்டு விரல்களுக்கு நடுவே 2 செ.மீ.க்குக் குறைவாக வந்தால் தசைக்குக் கீழேதான் நல்லது. மேலே வைத்தால் இம்ப்ளான்ட்டின் விளிம்பு சட்டையின் கழுத்துப் பகுதியிலேயே தெரியும்.

‘தசைக்குக் கீழே’ என்றால் முழுவதும் மூடியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் செய்யப்படும் ‘டூயல் பிளேன்’ முறையில் மார்புத் தசையின் கீழ்விளிம்பை விடுவித்து, மேல்பாதியைத் தசையும் கீழ்பாதியை மார்பகத் திசுவும் மூடும்படி வைப்பார்கள். எனவே ஒல்லியானவர்களுக்குக் கீழ்ப்புறத்திலும் வெளிப்புறத்திலும் சுருக்க அலைகள் கைக்குத் தட்டுப்படலாம். உப்புநீர் நிரப்பிய வகையில் இது அதிகம், கெட்டியான சிலிகான் ஜெல்லில் குறைவு. இம்ப்ளான்ட் பெரிதாகப் பெரிதாக அதை மூடும் திசு இழுபட்டு மெலியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தசைக்குக் கீழே வைத்தால் தண்டால் எடுக்கும்போதும் எடை தூக்கும்போதும் மார்பகம் இழுபட்டு அசையும். முதல் சில நாட்கள் வலியும் கூடுதல். நடுவில் பிளவு நெருக்கமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நெஞ்செலும்போடு தசை ஒட்டியிருக்கும் பகுதியை அறுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஒல்லியானவர்களுக்கு அந்த இடத்தில் வேறு மூடாக்கே கிடையாது.

கேள்வி: இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுத்தபின் தொங்கிவிட்டது. பெரிய இம்ப்ளான்ட் வைத்தால் தூக்கிவிடுமா?

பதில்: பிரா இல்லாமல் கண்ணாடி முன் பக்கவாட்டில் நில்லுங்கள். மார்பகத்தின் அடிமடிப்பில் ஒரு ஸ்கேலைப் படுக்கையாகச் செருகுங்கள். முலைக்காம்பு அதற்கு மேலே இருந்தால் இம்ப்ளான்ட் மட்டும் போதலாம். ஸ்கேலுக்கு நேராக இருந்தால் தோலின் பிடிப்பைப் பொறுத்தது. தெளிவாகக் கீழே இருந்தால், அதிலும் தரையைப் பார்த்தபடி இருந்தால், தளர்ந்த தோலைக் குறைத்து மார்பகத்தைத் தூக்கும் லிஃப்ட் அறுவையும் வேண்டும்.

தளர்ந்த தோலைப் பெரிய இம்ப்ளான்ட்டால் நிரப்பிவிடலாம் என்பது தவறான கணக்கு. முலைவட்டத்தின் ஓரத்தைப் பிடித்து முன்னால் இழுத்தால் 2 முதல் 3 செ.மீ. வருவது இயல்பு. 4 செ.மீ.க்கு மேல் வந்தால் அந்தத் தோல் ஏற்கெனவே தளர்ந்துவிட்டது. 400 சி.சி. சிலிகான் என்பது ஏறக்குறைய 400 கிராம். பிடிப்பில்லாத தோல் அதை எத்தனை காலம் சுமக்கும்? இம்ப்ளான்ட் மடிப்பைத் தாண்டிக் கீழே இறங்கும், காம்பு மேலே பார்க்கும். வேறொரு கோளாறும் உண்டு: இம்ப்ளான்ட் தசைக்குக் கீழே மேலாகவே நிற்க, உங்கள் சொந்த மார்பகம் அதன்மேல் வழிந்து தொங்கும்.

லிஃப்ட் தோலை இறுக்கும், இம்ப்ளான்ட் தோலை விரிக்கும். இரண்டும் எதிரெதிர் வேலை என்பதால் மறு அறுவைக்கான வாய்ப்பு கூடுதல். உங்கள் சர்ஜன் இரண்டு கட்டமாகச் செய்யலாம் என்றால் அதைத் தட்டிக்கழிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பால் நின்று சில மாதங்கள் ஆகி, அளவு நிலைத்தபிறகே அளக்கச் செல்லுங்கள்.

கேள்வி: ஒரு பக்கம் சிறியது. இரண்டு அளவு வைத்தால் சமமாகுமா?

பதில்: கொள்ளளவில் மட்டும் வித்தியாசம் என்றால் ஓரளவு சமமாகும். ஆனால் காரணம் பல நேரம் மார்பகத்தில் இல்லை, அதன் பின்னால் இருக்கும் விலாக்கூட்டில் இருக்கிறது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தால் விலா எலும்புகள் ஒரு பக்கம் முன்னால் திரும்பியிருக்கும், அந்தப் பக்கத்துக்குத் துருத்தம் குறைந்த இம்ப்ளான்ட் போதும். நெஞ்செலும்பு குழிந்தவர்களுக்கு இம்ப்ளான்ட்டுகள் உள்நோக்கிச் சரியும், புடைத்தவர்களுக்கு வெளியே சரியும். மடிப்புகள் வேறுவேறு உயரத்தில் இருப்பதை எந்த சி.சி.யாலும் ஈடுகட்ட முடியாது. அறுவைக்கு முன்பே நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த படங்களில் இந்த வித்தியாசங்களைச் சர்ஜனோடு உட்கார்ந்து பாருங்கள். முன்பு கண்ணில் படாத ஏற்றத்தாழ்வு, பெரிதானபின் பளிச்சென்று தெரியும்.

கேள்வி: அடிப்பாகம் குறுகி, முலைவட்டம் மட்டும் புடைத்து, குழாய் போல இருக்கிறது. சாதாரண முறை போதுமா?

பதில்: போதாது. இதில் மடிப்பு இயல்பைவிட மேலே இருக்கும், கீழ்ப்பகுதித் திசு இறுகியிருக்கும். வெறுமனே இம்ப்ளான்ட்டை வைத்தால் பழைய மடிப்பு ஒரு கோடாகத் தங்கி, ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு மேடு தெரியும். திசுவை உள்ளிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போலக் கீறித் தளர்த்தி, மடிப்பைக் கீழிறக்கி, முலைவட்டத்தையும் சுருக்க வேண்டும். தோல் மிகவும் இறுக்கம் என்றால் முதலில் எக்ஸ்பாண்டர் என்ற தற்காலிகப் பையை வைத்து மெல்ல விரிப்பார்கள்.

கேள்வி: நீர்த்துளி வடிவம்தான் இயற்கையாக இருக்குமாமே?

பதில்: அது உள்ளே திரும்பிவிட்டால் மார்பகமே கோணலாகும். திரும்பாமல் இருக்கப் பெரும்பாலும் சொரசொரப்பான மேலுறை கொடுக்கிறார்கள். அந்த மேலுறையோடு தொடர்புள்ள அரிய வகை லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) ஒன்று இருப்பதால் 2019-இல் ஒரு பிராண்டின் சொரசொரப்பு வகை உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. மழமழப்பான வட்ட வடிவமும் நிற்கும்போது கீழே கனத்து ஓரளவு சரிவாகத்தான் தெரியும். ஏற்கெனவே சொரசொரப்பு வகை வைத்திருப்பவர்கள், பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் திடீரென வீங்கினால் தாமதிக்காமல் உள்ளே சேர்ந்திருக்கும் நீரை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: தழும்பு முலைவட்ட ஓரத்தில் மறையும்படி கேட்கலாமா?

பதில்: வட்டத்தின் விட்டம் சுமார் 3.5 செ.மீ.க்குக் குறைவு என்றால் முன்பே நிரப்பிய சிலிகானை நுழைக்க இடம் பற்றாது. இனிப் பால் கொடுக்கும் எண்ணம் இருந்தாலும் அந்த வழி வேண்டாம், பால் நாளங்கள் வெட்டுப்படலாம். அடிமடிப்பில் 4 முதல் 5 செ.மீ. கீறல் போதும். ஆனால் பெரிய இம்ப்ளான்ட்டுக்கு மடிப்பையே கீழிறக்க வேண்டியிருக்கும். கீறலைப் பழைய மடிப்பில் போட்டால் தழும்பு மார்பகத்தின் மேல் ஏறி நிற்கும். அதனால் இம்ப்ளான்ட்டின் அளவு முடிவான பிறகே, நீங்கள் நின்றிருக்கும்போது, சர்ஜன் அந்தக் கோட்டைப் பேனாவால் வரைய வேண்டும்.