நன்றாக எடுக்கப்பட்டிருந்தும் உங்களுக்குச் சலிப்பூட்டிய படம் எது?

யோசிக்கவே வேண்டாம், ஹாலிவுட் இயக்குநர் டேவிட் ஃபிஞ்சரின் ‘மேங்க்’. 2020 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. மூன்று தவணையில்தான் பார்த்து முடித்தேன். முதல் நாள் நாற்பதாவது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். இரண்டாம் நாள், எங்கே விட்டேன் என்று தேடுவதிலேயே பாதி ஆர்வம் போய்விட்டது. இத்தனைக்கும் இதே ஃபிஞ்சரின் ‘சோடியாக்’ படத்தை நாலைந்து தடவை பார்த்தவன் நான். அது இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், கொலைகாரன் கடைசிவரை பிடிபடவும் மாட்டான். ஒரு கொட்டாவி வந்ததில்லை. அதனால் படம் மெதுவாகப் போகிறது என்பதல்ல என் புகார்.

பார்க்காதவர்களுக்காகக் கதை: ஹெர்மன் மேங்கிவிட்ஸ், நியூயார்க்கில் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு ஹாலிவுட்டுக்கு எழுதப் போனவர். பெரும் குடிகாரர், சூதாடி, வாய் சும்மா இருக்காது. 1940-ல் காலில் மாவுக்கட்டோடு கிடந்தவரை விக்டர்வில் என்ற பாலைவன ஊரில் ஒரு பண்ணை வீட்டில் கொண்டுபோய்ப் போட்டு, தன் முதல் படத்துக்கு எழுதச் சொல்கிறார் 24 வயது இயக்குநர் ஆர்சன் வெல்ஸ். அதுதான் 1941-ல் வந்த ‘சிட்டிசன் கேன்’. அதன் நாயகனுக்கு மாதிரி, பத்திரிகை அதிபர் வில்லியம் ரேண்டால்ஃப் ஹெர்ஸ்ட். மேங்க் அந்த ஹெர்ஸ்டின் மாளிகையில் வருடக்கணக்கில் விருந்து சாப்பிட்டவர். ஹெர்ஸ்டின் காதலி மேரியன் டேவிஸுக்கு நண்பர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்த கதை என்று நம் ஊரில் ஒரே வரியில் சொல்லிவிடுவோம். இதைவிட நல்ல கரு ஒரு படத்துக்கு வேண்டுமா என்ன?

வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. டிஜிட்டல் கேமராவில் கறுப்பு வெள்ளையாக எடுத்துவிட்டு, பழைய பிலிம் மாதிரி கீறலும் தூசியும் சேர்த்திருக்கிறார்கள். ஒலி பழைய தியேட்டரில் எதிரொலிப்பதுபோல ஒற்றைத் தடத்தில் வருகிறது. ரீலில் படம் ஓட்டிய காலத்தில், ரீல் தீரப்போகும் நேரம் திரையின் வலது மேல் மூலையில் ஒரு வட்டம் மின்னி மறையும். அடுத்த புரொஜெக்டரைக் கிளப்பு என்று ஆபரேட்டருக்கு அடையாளம். ரீலே இல்லாத இந்தப் படத்தில் அந்த வட்டத்தையும் வைத்திருக்கிறார் மனுஷர்! அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன், அடுத்த வட்டம் எப்போது வரும் என்று மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதையைப் பார்க்கவில்லை.

நடிப்பும் நன்றாகவே இருக்கிறது, குறிப்பாக மேரியனாக வரும் அமாண்டா சைஃப்ரெட். மேங்காக நடித்த கேரி ஓல்ட்மனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேங்க் அப்போது 42 வயதுக்காரர், ஓல்ட்மனோ அறுபதைக் கடந்தவர். குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட நாற்பதுக்காரனைப் பார்த்தால் ‘இந்த வயசிலேயே இப்படியா’ என்று மனசு பதறும். கிழவர் குடித்தால் பதறுவதில்லை.

ஒரே ஒரு காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எம்ஜிஎம் ஸ்டூடியோவின் தலைவர் லூயி பி. மேயர் தாழ்வாரத்தில் விறுவிறுவென்று நடந்துகொண்டே மேங்கின் தம்பிக்கு சினிமா வியாபாரம் சொல்லிக்கொடுக்கிறார். காசு கொடுத்தவனுக்கு மிஞ்சுவது ஞாபகம் மட்டும்தான், அவன் வாங்கிய சரக்கு விற்றவனிடமே இருக்கும், அதுதான் இந்தத் தொழிலின் மாயம் என்கிறார். நடையின் முடிவில் கதவைத் திறந்தால், ஊழியர்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். மேயர் குரல் தழுதழுக்க, நாமெல்லாம் ஒரே குடும்பம், நெருக்கடி நேரம், பாதிச் சம்பளம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார். இந்தச் சம்பளவெட்டு 1933-ல் நிஜமாகவே நடந்தது. அந்தக் காட்சியில் ஆசை இருக்கிறது, தந்திரம் இருக்கிறது, ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். மேங்க் சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறார்.

படம் முழுக்கவே அவர் வேடிக்கைதான் பார்க்கிறார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் அங்கே அவர்தான் புத்திசாலி. மற்றவர்கள் அவருடைய நக்கலுக்கு அடியெடுத்துக் கொடுக்க வந்தவர்கள். 1934 கலிஃபோர்னியா கவர்னர் தேர்தலில் எழுத்தாளர் அப்டன் சின்க்ளேரைத் தோற்கடிக்க ஸ்டூடியோவில் போலிச் செய்திப்படம் தயாரித்தார்கள். அது வரலாறு. அதற்குப் பணம் கொடுத்தது ஹெர்ஸ்ட் என்கிறது படம். அந்தக் குற்ற உணர்ச்சிதான் மேங்கை ஹெர்ஸ்டுக்கு எதிராக எழுதவைத்தது என்று காட்ட, செய்திப்படம் எடுத்துவிட்டுத் தற்கொலை செய்துகொள்ளும் ஓர் இயக்குநரைக் கற்பனையாகச் சேர்த்திருக்கிறார்கள். சாகிறவர் வேறு யாரோ. மேங்குக்கு என்ன நஷ்டம்? விருந்துக்கு அழைப்பு நின்றுபோகிறது, அவ்வளவுதான்.

எழுதுவதையும் காட்டுவதில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்கிறார், செயலாளர்ப் பெண் எழுதிக்கொள்கிறாள், ஃபிளாஷ்பேக் வருகிறது, திரும்பி வந்தால் கத்தை கத்தையாகப் பக்கங்கள். என் மனைவி பாதியில் வந்து உட்கார்ந்து, “இந்த ஆள் எப்பதாங்க எழுதுனாரு?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஒரு வரியை அடித்துவிட்டு வேறு வரி போடுவதைக்கூட நாம் பார்ப்பதில்லை.

நிஜமான சண்டை கிரெடிட்டில்தான் இருந்தது. ஒப்பந்தப்படி மேங்கின் பெயர் திரையில் வரக்கூடாது. அவர் பெயரைக் கேட்டு நின்றார், கடைசியில் மேங்க், வெல்ஸ் இருவர் பெயரும் வந்தன. ‘கேன்’ ஒன்பது ஆஸ்கர் பரிந்துரைகளில் வென்றதே அந்தத் திரைக்கதை விருது ஒன்றைத்தான். இந்த மோதல் படத்தில் வாலில்தான் வருகிறது. வெல்ஸ் வந்து ஒரு பெட்டியைத் தூக்கி எறிந்து உடைக்கிறார், கதை முடிந்தது. வெல்ஸ் பிறகு எவ்வளவு திருத்தினார் என்ற பக்கத்தைப் படம் தொடுவதே இல்லை. அதைத் தொட்டிருந்தால் இரண்டு எழுத்தாளர்கள் ஒரு காகிதத்துக்காக மல்லுக்கட்டுவதைப் பார்த்திருப்போம்.

திரைக்கதை ஃபிஞ்சரின் அப்பா ஜாக் ஃபிஞ்சர் 90களில் எழுதியது. அவர் 2003-ல் இறந்துவிட்டார். அப்பாவின் எழுத்தில் கத்திரி போட மகனுக்குக் கை வரவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆஸ்கரில் பத்துப் பரிந்துரை கிடைத்தது, இரண்டில் ஜெயித்தது: ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும். ஒரு திரைக்கதை ஆசிரியரைப் பற்றிய படம், அந்தப் பத்தில் திரைக்கதை மட்டும் இல்லை.