கருந்துளைக்குள் விழுந்தால் என்ன ஆகும்? உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சூரியன் திடீரென்று கருந்துளையாகிவிட்டால் பூமியை இழுத்துக்கொள்ளுமா சார்?

இழுக்காது. நிறை அதேதானே? பூமி இதே பாதையில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். வெளிச்சம் இல்லாமல் உறைந்து போவோம், அது வேறு கதை. சூரியன் முழுவதையும் 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடக்கினால்தான் கருந்துளை, அதாவது ஒளிகூடத் தப்ப முடியாத ஈர்ப்பு. அது தானாக நடக்காது.

கேள்வி: ஏன் நடக்காது?

நிறை போதாது. எரிபொருள் தீர்ந்ததும் சூரியன் வெண்குறுமீன் ஆகிவிடும், அதாவது எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு வரைதான் வெண்குறுமீன் தாங்கும். 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது இயற்பியலாளர் சந்திரசேகர் போட்ட கணக்கிலிருந்து வந்த வரம்பு இது. அதைத் தாண்டினால் இன்னும் நெருக்கமாகச் சுருங்கிய நியூட்ரான் விண்மீன்; அதுவும் தாங்காத எடை என்றால் கருந்துளை.

கேள்வி: உள்ளே விழுபவரின் உடம்பு இழுபட்டுக் கிழிந்துவிடுமாமே?

சின்னக் கருந்துளைதான் ஆபத்து. சூரியனைப் போல் 10 மடங்கு நிறை உள்ளதென்றால், நிகழ்வெல்லையை (தாண்டினால் திரும்ப முடியாத எல்லை) தொடுவதற்கு முன்பே ஆள் காலி. தலையைவிடக் காலை அவ்வளவு பலமாக இழுக்கும். நம் பால்வெளியின் நடுவே இருக்கும் சஜிட்டேரியஸ் ஏ-ஸ்டார் என்ற பெரிய கருந்துளைக்குச் சுமார் 43 லட்சம் சூரிய நிறை. அதன் எல்லையில் தலைக்கும் காலுக்கும் உள்ள இழுவை வித்தியாசம், பூமி ஈர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். தாண்டியதே தெரியாது.

தூரத்திலிருந்து பார்க்கும் நண்பருக்கோ காட்சி வேறு. விழுபவரின் கைக்கடிகாரம் மெதுவாகிக்கொண்டே போகும், கையிலிருக்கும் டார்ச் வெளிச்சம் சிவந்து மங்கி மறையும். அவர் எல்லையைத் தாண்டுவதை நண்பர் பார்க்கவே மாட்டார்.

கேள்வி: தாண்டிய பிறகு பலமான ராக்கெட் இருந்தால் தப்பிக்கலாமா அண்ணா?

நல்ல கேள்வி. எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். ராக்கெட்டின் பலம் இங்கே பிரச்சினையே இல்லை. வெளியே இருக்கும்போது மையம் என்பது ஓர் இடம், விலகிப் போகலாம். எல்லைக்கு உள்ளே போனதும் அந்த மையம் உங்கள் எதிர்காலமாகிவிடுகிறது. இன்று திங்கள் என்றால், எந்தப் பக்கம் ஓடினாலும் செவ்வாய்க்குள் போகாமல் இருக்க முடியுமா? அப்படித்தான். ஒளிக்கும் அதே கதிதான்.

சுழலாத கருந்துளை என்று வைத்துக்கொண்டால் கணக்கும் சுலபம். சஜிட்டேரியஸ் ஏ-ஸ்டார் அளவுக்கு, உள்ளே போனபின் என்ன செய்தாலும், மையத்தை அடைய உங்கள் கடிகாரத்தில் அதிகபட்சம் 66 விநாடிதான். 2019-இல் படம் வெளியானதே, எம்87 என்ற வேறொரு விண்மீன் மண்டலத்தின் கருந்துளை, அதற்குச் சூரியனைப் போல் 650 கோடி மடங்கு நிறை. அதற்குள் ஒரு நாளுக்குச் சற்று மேல் கிடைக்கும். பதறிப்போய் ராக்கெட்டைக் கண்டபடி இயக்கினால் இருக்கிற நேரமும் குறையலாம்.

கேள்வி: அப்புறம் அந்த மையத்தில்?

ஈர்ப்புச் சமன்பாடுகள் அங்கே முடிவிலியைக் காட்டுகின்றன. விண்மீன் சரிந்து கருந்துளையாகும்போது இந்த முடிவிலி இடம், அதாவது ஒருமை, தவிர்க்க முடியாதது என்று 1965-இல் ரோஜர் பென்ரோஸ் நிறுவினார். 2020-இல் நோபல் கிடைத்தது. முடிவிலி வந்தால் சமன்பாடு அங்கே செல்லாது என்று எடுத்துக்கொள்வதே சரி என்பது என் கட்சி. ஈர்ப்பையும், அணு அளவில் நடப்பதை விளக்கும் குவாண்டத்தையும் இணைக்கும் கோட்பாடு அங்கே வேண்டும். அது இன்னும் முழுமையாகக் கைக்கு வரவில்லை.

கேள்வி: இயற்பியலாளர் ஹாக்கிங் சொன்னபடி கருந்துளை கதிர்வீச்சை வெளியிட்டு மெல்ல ஆவியாகிவிடுமா?

இப்போதைக்கு இல்லை. சூரிய நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை, தனிச்சுழிக்கு (மிகக் குறைந்த வெப்பநிலையான 0 கெல்வின்) மேல் ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்குகூட வராது. சுற்றியுள்ள அண்டவெளியோ 2.7 கெல்வின். அதனால் கருந்துளை இழக்கும் ஆற்றலைவிட வாங்குவதுதான் அதிகம்.